21-வது பிரிவில் கோர்ட் என்ற சொல்லே இல்லையே?

கேள்வி, நவம்பர் 7, 2025

அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவை எடுத்துப் படித்தேன். ஒரே வாக்கியம். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். கோர்ட் என்றோ காலம் என்றோ ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் வழக்கைக் காலத்தோடு முடிப்பது அடிப்படை உரிமை, அது 21-ல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது? என் அம்மாவுடைய பாகப்பிரிவினை வழக்கு ஒன்பதாவது வருடமாக நடக்கிறது. அம்மாவுக்கு 74 வயது. அந்த உரிமையைக் காட்டி நான் எங்கே போய்க் கேட்பது?

நவம்பர் 7, இரவு 9.50

நீங்கள் படித்தது சரி, எழுத்தில் இல்லை. தீர்ப்புகள் வழியாக உள்ளே வந்தது.

1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்துவிட்டால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருடம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரைகள் வந்தன. வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி அதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். குற்றம் நிரூபணமானால் எவ்வளவு நாள் தண்டனை கிடைக்குமோ, அதைவிட அதிக நாள் உள்ளே இருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஹுசைனாரா என்பதே அப்படி உள்ளே இருந்த ஒரு பெண்ணின் பெயர்தான். நியாயமான நடைமுறை என்றால் விரைவான விசாரணையும் அதற்குள் அடக்கம், ஆகவே அது 21-வது பிரிவின் பகுதி என்று நீதிபதி பகவதி எழுதினார். வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பதும் அதே வழக்கில்தான் 21-க்குள் வந்தது.

எங்கே போய்க் கேட்பது என்ற இரண்டாம் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியாது. எங்கள் அப்பாவின் வழக்கு 19 வருடம் நடந்தது. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 8, காலை

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மேலே சொன்னது எல்லாம் சிறையில் இருப்பவர் சம்பந்தப்பட்டது. உங்கள் அம்மாவுடையது சிவில் வழக்கு. அதற்குப் பொருந்துமா என்று யாராவது கேட்டால் 2016-ல் வந்த அனிதா குஷ்வாஹா தீர்ப்பைச் சொல்லுங்கள். ஐந்து நீதிபதிகள் அமர்வு, எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர். ஜம்மு காஷ்மீரில் இருந்த வழக்குகளை வெளி மாநிலத்துக்கு மாற்ற முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போது, நீதி கேட்டு வருவதே 14, 21 ஆகிய இரண்டு பிரிவுகளின் கீழும் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு நான்கு தேவைகளையும் சொன்னார்கள். வழக்கைக் கேட்க ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அது போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். விரைவாக முடிக்க வேண்டும். செலவு தாங்கும்படி இருக்க வேண்டும்.

தூரத்துக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தது. அதற்கு முன்பு கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் போட வேண்டும் என்றால் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து சென்னைக்குப் போக வேண்டும், வாய்தா என்றால் அதே ரயிலில் திரும்பி வர வேண்டும். செலவைப் பொறுத்தவரை, சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் என்று இருந்த கோர்ட் கட்டணத்தைத் தமிழ்நாட்டில் 2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள். இந்த இரண்டும் உண்மையிலேயே நடந்த நல்ல காரியங்கள். மூன்றாவதாகச் சொன்ன விரைவுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

நவம்பர் 8, இரவு

அப்பா வழக்கு.

ஓடைக்கரையை ஒட்டி இரண்டரை ஏக்கர், வாழை. ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு 12 அடி வண்டிப்பாதை. தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி போன பாதை. 2004-ல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். அதன் பிறகு வாழைத்தார் வெட்டினால் ஒவ்வொன்றையும் ஓடைக்கரை வழியாகத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் கரை வழுக்கும். ஆள்கூலி போனால் தாருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இரண்டு வருடம் பார்த்துவிட்டு அப்பா வாழையை விட்டார், உளுந்து போட ஆரம்பித்தார்.

முன்சீஃப் கோர்ட்டில் பிராது போட்டது 2004 ஜூன். டிக்ரி வந்தது 2015 மார்ச். பாதை எங்களுடையது, வேலியை எடு என்று தெளிவாக எழுதியிருந்தது. எதிர் தரப்பு சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. அங்கேயும் 2019 பிப்ரவரியில் எங்களுக்கே தீர்ப்பு. இரண்டு தீர்ப்பு கையில், வேலி அப்படியே. யாரும் தானாக வந்து கல்லைப் பிடுங்க மாட்டார்கள், நிறைவேற்று மனு என்று தனியாக ஒன்று போட வேண்டும். எல்லோரும் இ.பி. என்று சொல்வது அதைத்தான். செப்டம்பரில் போட்டோம். 2020-ல் கொரோனா வந்து கோர்ட் மூடியது. 2021 மே மாதம் அப்பா இறந்துபோனார்.

வேலியை எடுத்தது 2023 மார்ச். அதைப் பிறகு சொல்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்குத் தேசியச் சட்டப் பணிகள் தினம். 1987-ல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995-ல் இதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியது: பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் அம்மாவுக்கு உரிமை உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். போன் எண் 15100. அப்பா காலத்தில் இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா பெயரையும் சேர்த்துப் பிராது போட்டிருப்போம்.

தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். பரணிலிருந்து அப்பாவின் மஞ்சப்பையை இறக்கினோம். உள்ளே பத்திர நகல், சிட்டா, இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் போட்ட வரைபடம், அப்புறம் ஓர் எண்பது பக்க நோட்டு. அப்பா ஒவ்வொரு வாய்தாவையும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரிக்கு நான்கு கட்டம். தேதி, என்ன நடந்தது, அடுத்த வாய்தா, பஸ் செலவு. என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக எழுதுவார். எ.வா. என்றால் எதிர் தரப்பு வாய்தா. ந.வா. என்றால் நாங்கள் வாங்கிய வாய்தா.

இன்றைக்கு முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். முன்சீஃப் கோர்ட்டில் மட்டும் 131 வாய்தா. நீதிபதி இல்லை அல்லது இன்சார்ஜ் 41. எதிர் தரப்பு கேட்டது 29. நாங்கள் கேட்டது 17. நோட்டீஸ் சார்வு ஆகவில்லை, அதாவது போய்ச் சேரவில்லை, அல்லது அதை அனுப்பக் கோர்ட்டில் கட்டும் பணமான பேட்டா கட்டவில்லை 14. வக்கீல்கள் புறக்கணிப்பு 12. கமிஷனர் அறிக்கை வரவில்லை 9. மிச்சம் 9 நாள்தான் உருப்படியாக ஏதாவது நடந்த நாள். சாட்சி சொன்னது, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு எல்லாம் சேர்த்து 9.

11 வருட வழக்கில் 9 நாள் வேலை. இத்தனை வருடமும் எதிர் தரப்புதான் இழுத்தடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கேட்டிருந்தால்கூட அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 10

இன்சார்ஜ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு கோர்ட்டுக்கு நீதிபதி மாற்றலாகிப் போய்ப் புது ஆள் வரவில்லை என்றால், பக்கத்துக் கோர்ட் நீதிபதி கூடுதல் பொறுப்பாக அதையும் பார்ப்பார். அவருக்கு அவருடைய கட்டுகளே மலைபோல இருக்கும். நம் கோர்ட் கட்டில் அவசர மனுக்களை மட்டும் பார்ப்பார், மற்றதெல்லாம் ஒரு தேதி போட்டுத் தள்ளிவைக்கப்படும். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே தன் 120-வது அறிக்கையில் சொன்னது. அப்போது இருந்தது பத்தரை. ஐந்து வருடத்துக்குள் 50-ஐ எட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவே போட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை எல்லாம் நிரப்பியதாக வைத்துக்கொண்டாலும் இன்றைக்கும் 21-ஐ ஒட்டித்தான். நாடு முழுக்கத் தேங்கிய வழக்கு 5 கோடிக்கு மேல்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்பா நோட்டில் இருக்கும் 41 எப்படி வந்தது என்று தெரியும்.

நவம்பர் 10, இரவு

"அப்படியானால் சட்டத்திலேயே ஒரு காலக்கெடு வைத்துவிட வேண்டியதுதானே?"

வைத்துப் பார்த்தார்கள். கிரிமினல் பக்கம் முதலில். அந்துலே வழக்கில் ஐந்து நீதிபதிகள் விரைவு விசாரணை உரிமையை உறுதியாகச் சொன்னார்கள், ஆனால் இத்தனை வருடம் என்று கெடு போட மறுத்தார்கள். பிறகு 1996-லும் 1998-லும் வந்த தீர்ப்புகளில் சில வகை வழக்குகளுக்குக் கெடு போட்டார்கள். கெடு தாண்டினால் வழக்கு முடிந்தது. 2002-ல் ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து அதை எடுத்துவிட்டார்கள். கெடு விதிப்பது சட்டம் இயற்றுபவர்கள் வேலை, தாமதம் நியாயமானதா என்று ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று வருடம் தாண்டினால் கேஸ் தள்ளுபடி என்று சுற்றுகிறதே, அது அந்தப் பழைய தீர்ப்புகளின் எச்சமாக இருக்கலாம். நம்பாதீர்கள்.

சிவில் பக்கம் சட்டத்தைத் திருத்தியே கெடு வைத்திருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. எதிர்வாதவுரை 30 நாளில், அதிகம் போனால் 90 நாளில். இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2005 தீர்ப்பில் திருத்தங்கள் செல்லும் என்றார்கள், ஆனால் மிகவும் நெருக்கடியான காரணம் இருந்தால் மூன்றுக்கு மேலும் தரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு அந்தக் கதவு வேண்டும்தான். எங்கள் வழக்கில் எதிர் தரப்பு அந்தக் கதவு வழியாக 29 முறை போய் வந்தது.

வாய்தா கேட்பவர் மற்றவருக்குச் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. நோட்டில் தேடினேன். ஒரே ஒரு முறை, 300 ரூபாய். அப்பா அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

நவம்பர் 12

ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை போட்ட கணக்கு தப்பு.

நோட்டில் வ.இ. என்று சில இடங்களில் வருகிறது. வழக்கு இன்சார்ஜ் என்று எடுத்துக்கொண்டு நீதிபதி இல்லாத 41-ல் சேர்த்திருந்தேன். தம்பி நேற்றுப் போன் பண்ணினான். "அக்கா, அது வக்கீல் இல்லை. அப்பா அப்படித்தான் எழுதுவார், நான்தானே கூடப் போவேன்." எங்கள் வக்கீல் வராத நாள். மொத்தம் 8. ஆகவே நீதிபதி இல்லாதது 33, எங்கள் பக்கம் 25.

எதிர் தரப்பு 29, நாங்கள் 25.

இதை எழுத மனசு வரவில்லை, ஆனால் எழுதாமல் விடக் கூடாது. எங்கள் வக்கீல் நல்லவர், கட்டணம்கூடத் தவணையில்தான் வாங்கினார். ஒரே நாளில் மூன்று கோர்ட்டில் அவருக்கு வழக்கு இருக்கும். எங்கள் கேஸைக் கோர்ட் சேவகரான டவாலி மூன்று முறை கூப்பிடும்போது அவர் வேறு எங்கோ வாதாடிக்கொண்டிருப்பார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா மட்டும் போய் நிற்பார். "வக்கீல் வரலையா? சரி, அடுத்த மாசம் 14." அவ்வளவுதான். 22 கிலோமீட்டர், இரண்டு பஸ், ஒரு நாள் போச்சு.

புறக்கணிப்பு 12 நாளையும் பற்றி ஒரு வார்த்தை. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது. நோட்டில் இருக்கும் 12-ம் அதற்குப் பிந்தியவை. அவர்கள் கோரிக்கைகளில் நியாயமானவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கான நாள்கூலியை அப்பா கொடுத்திருக்கிறார்.

நோட்டின் கடைசி வரி 2021 ஜூன் மாதத்து வாய்தா. தேதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். மற்ற மூன்று கட்டமும் வெற்று.

நவம்பர் 14

மதுரைக்குப் போன கதை.

அப்பா இறந்த பிறகு அம்மா, நான், தம்பி மூவரும் வாரிசுகளாகச் சேர மனுப் போட்டோம். நிறைவேற்றக் கட்டத்தில் ஒருவர் இறந்தாலும் வழக்கு அற்றுப்போகாது, அதாவது ரத்தாகாது என்று சட்டம் சொல்கிறது, பிரச்சினை இருக்காது என்று நினைத்தோம். எதிர் தரப்பு அதற்கும் கவுண்டர், அதாவது எதிர்மனு போட்டது. அந்த மனு மட்டுமே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அதில் ஏழு மாதம் நோட்டீஸ் சார்வு ஆகாமலே போனது. பேட்டா கட்டவில்லை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2022 ஆகஸ்டில் வக்கீலே சொன்னார், கீழ்க் கோர்ட்டுகளை உயர் நீதிமன்றம் மேற்பார்வையிடும் அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவில் மதுரையில் ஒரு சீராய்வு மனு போடலாம், சீக்கிரம் முடிக்கும்படி உத்தரவு வாங்கலாம் என்று. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ராகுல் ஷா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததைக் காட்டினோம். ஒரே நாளில் உத்தரவு. ஆறு மாதம். அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன், உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கேட்டு 2006-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், இன்னும் கிடைக்கவில்லை. வழக்குக்குச் சொந்தக்காரர் தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படிக்க முடியாத நிலையையும் அனிதா குஷ்வாஹா தீர்ப்பு சொல்லும் நான்கோடு சேர்த்து யாராவது பேச வேண்டும்.

உத்தரவுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்தார். கூடவே சர்வேயர், வி.ஏ.ஓ., இரண்டு போலீஸ். கமிஷனர் வரைபடத்தை வைத்து டேப் பிடித்து 12 அடி அளந்தார்கள். கல்லுக்கால் மொத்தம் 16. கடப்பாரை போட்டு நெம்பினால் முதல் கல் அசையவில்லை. 19 வருடத்தில் அடியில் கறையான் புற்று பிடித்து மண் இறுகிக் கிடந்தது. தம்பி தண்ணீர் ஊற்றி ஊற்றி இளக்கினான். மதியம் இரண்டு மணிக்குக் கடைசிக் கல் வந்தது. அம்மா வேலி இருந்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 14, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது உண்மை. ஆனால் போன வருடத்திலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2024 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு. மேல் நீதிமன்றங்கள் கீழ்க் கோர்ட்டு வழக்குகளுக்கு இத்தனை மாதத்தில் முடி என்று சாதாரணமாகக் கெடு விதிக்கக் கூடாது, மிகவும் அவசியமான வழக்கில் மட்டும்தான் செய்யலாம் என்றார்கள். மேலே போக வசதி உள்ளவர் கெடு வாங்கி முந்திக்கொண்டால், அவருக்கு முன்பே வழக்குப் போட்டவர் பின்னால் தள்ளப்படுவார் என்பதுதான் அதிலுள்ள கவலை.

நாங்கள் செய்தது அதுதானே? அந்தக் கோர்ட்டில் அன்றைக்கு எங்களுக்கு முன்னால் 2012, 2014-ல் போட்ட இ.பி.கள் இருந்தன. வராந்தாவில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், வீட்டைக் காலி செய்து வாங்க வேண்டிய டிக்ரி. எங்களுக்கும் முந்தையது. எங்களுக்கு மதுரைக்குப் போக 30 ஆயிரம் புரட்ட முடிந்தது. அந்தப் பாட்டிக்கு முடியவில்லை. எங்கள் கட்டு மேலே வந்தபோது அவருடையது ஓர் இடம் கீழே போயிருக்கும்.

போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நான் வாங்கியது 21-வது பிரிவு உரிமை என்று இனிமேல் சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் சேர்த்து வரிசை நகர்ந்தால்தான் அது உரிமை.

அப்படி நகர்த்தும் முயற்சி ஒன்று இந்த வருடம் நடக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலிருந்துதான். பெரியம்மாள் எதிர் ராஜாமணி, மார்ச் 6-ல் தீர்ப்பு. 1980-ல் போட்ட கிரய ஒப்பந்தம், சுவாதீனம் கைக்கு வராமல் 2025 வரை இழுத்திருக்கிறது. அந்த ஒரு வழக்கோடு உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. எல்லா உயர் நீதிமன்றங்களும் தங்களுக்குக் கீழே தேங்கியுள்ள நிறைவேற்று மனுக்களைக் கணக்கெடுத்து ஆறு மாதத்தில் முடிக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. போன மாதம் கணக்கு வந்தது. ஆறு மாதத்தில் 3.38 லட்சம் மனுக்கள் முடிந்திருக்கின்றன. இன்னும் 8.82 லட்சம் மிச்சம். மிகவும் ஏமாற்றம் தருகிறது என்று நீதிபதிகளே எழுதி, மேலும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏமாற்றம்தான். ஆனால் அந்த 3.38 லட்சத்தில் வராந்தாப் பாட்டியின் கட்டும் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. அவர் பெயர் தெரியாது, கேட்டுக்கொள்ளவே இல்லை.

நவம்பர் 15

சிறைப் பக்கத்தை நான் சீக்கிரம் தாண்டிவிட்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். சரிதான். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். எனக்கு நிலம் போனது, அவர்களுக்கு நாள் போகிறது.

வீட்டில் யாராவது உள்ளே இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 479-வது பிரிவு. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் சிக்கல். மனுப் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது, அதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன், சைக்கிள் திருட்டு, அப்படி 40 நாள் இருந்தான். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 தொடக்கத்தில் சொல்லியிருக்கிறது. அவன் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 18, காலை

கேள்வி கேட்டவர் அனுப்பிய விவரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் ஒன்பது வருட வாய்தாவும் வரிசையாக வரும். அப்பா மாதிரி நோட்டுப் போட வேண்டியதில்லை. ஆனால் காரணத்தை நீங்கள் பக்கத்தில் எழுதுங்கள், செயலியில் சுருக்கமாகத்தான் இருக்கும். எழுதினால் எங்கே நிற்கிறது என்று தெரியும். அம்மாவின் வயதைக் காட்டி முன்கூட்டி விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாம். தேசிய நீதித்துறைத் தகவல் தொகுப்பில் மூத்த குடிமக்கள் வழக்குகளைத் தனியாகவே எண்ணுகிறார்கள்.

நவம்பர் 18, காலை, ஒரு மணி நேரம் கழித்து

மன்னிக்கவும், உங்கள் செய்தியின் கடைசி வரியை இப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது பிரதிவாதியான பெரிய மாமா செப்டம்பர் 2-ல் இறந்துவிட்டார் என்கிறீர்கள். அடுத்த வாய்தா டிசம்பர் 12, அன்றைக்கு வக்கீலிடம் சொல்லலாம் என்று இருக்கிறீர்கள்.

அதுவரை காத்திருக்காதீர்கள். இது நிறைவேற்று மனு கிடையாது, நடக்கிற வழக்கு. இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான். டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. தாண்டினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். பாகப்பிரிவினையில் ஒரு பங்காளி விட்டுப்போனால் மொத்த வழக்கையுமே எதிர் தரப்பு கேள்வி கேட்கும். அதன் பிறகு அதை நீக்க 60 நாளில் ஒரு மனு, அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு, ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ், கவுண்டர். சுலபமாக இரண்டு வருடம் போகும்.

இன்றைக்கே வக்கீலுக்குப் போன் பண்ணுங்கள். தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்று வரட்டும் என்று நிற்க வேண்டாம், அது வர நாளாகும். மாமாவின் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது, விலாசம் தெரிந்தால் போதும். இறப்புச் சான்று நகல் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். விலாசத்தில் கதவு எண் தப்பாக இருந்தால் நோட்டீஸ் திரும்பி வரும், நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். இறந்த விவரத்தை அவர் பக்கத்து வக்கீல் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மனுவில் நோட்டீஸ் உத்தரவானதும் பேட்டாவை அன்றைக்கே கட்டச் சொல்லுங்கள். கட்டியாயிற்றா என்று மறுநாள் குமாஸ்தாவிடம் கேட்டு ரசீது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.